சாப்பாட்டு நேரத்தில் வந்த ஹைட்ரஜன்

1

இந்த மாதத்தோடு நான் ஹாம்பர்க் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே வழக்கம் தலைகீழ். யாருக்குக் கொண்டாட்டமோ அவர்தான் அலுவலகத்துக்குத் தின்பண்டம் கொண்டுபோக வேண்டும். நான் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். எங்கள் குழுத் தலைவர் தோமாஸ் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி ரொட்டி உள்ளே போன பிறகு அவர் கேட்டார், இந்தப் பதினான்கு வருடத்தில் உன் வேலையில் சிறந்த நாள் எது என்று.

யோசிக்காமலே பதில் வந்தது. அது ஹாம்பர்க்கில் நடந்த நாள் இல்லை. போன வருடம், நான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் சாத்தாங்காட்டில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அதை ஜெர்மனில் சொல்லச் சொல்லப் பாதி உதிர்ந்துவிட்டது. முழுசாகச் சொல்லவேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் கசிகிறதா என்று பார்க்கும் கண்ணாடி இழைகளைச் செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. இழை என்றால் தலைமுடி அளவுதான். அதற்குள் ஒளியை அனுப்புவோம். இழையில் ஓரிடத்தில் நுண்ணிய கோடுகள் பதித்திருக்கும். அந்த இடம் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். அதன்மேல் பல்லேடியம் என்ற உலோகத்தைப் பூசியிருப்போம். பல்லேடியத்துக்கு ஹைட்ரஜன் என்றால் கொள்ளை ஆசை. பக்கத்தில் வந்தால் உறிஞ்சி, கொஞ்சம் உப்பிவிடும். அது உப்பினால் இழை இழுபடும். இழை இழுபட்டால் திரும்பி வரும் ஒளியின் நிறம் ஒரு துளி மாறும். அந்தத் துளியை அளந்து, காற்றில் எவ்வளவு ஹைட்ரஜன் என்று சொல்வோம். வாயு இருக்கும் இடத்துக்கு மின்சாரமே போகாது, ஒளி மட்டும்தான் போகும். பொறி பறக்க வழியில்லை.

சுற்றிலும் தொழிற்சாலைகள் இருந்த எர்ணாவூரில் நான் வளர்ந்த காலத்தில் இந்த வேலையை எங்கள் மூக்குதான் செய்தது. எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும், காயப்போட்ட துணியை எடுக்கலாமா வேண்டாமா என்பதெல்லாம் வாசனையை வைத்துத்தான். கண் எரிந்தால் ஒரு பக்கம், நாக்கில் கசந்தால் இன்னொரு பக்கம். தெருவில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. ஆனால் ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். எர்ணாவூர் மூக்கையே ஏமாற்றிவிடும் வாயு அது ஒன்றுதான் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நினைத்துக்கொண்டேன்.

2

சாத்தாங்காட்டுப் பக்கம் இரும்புத் தகடு செய்யும் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். உலையில் தகடு கறுக்காமல் பளபளவென்று வருவதற்காக ஹைட்ரஜனை உள்ளே விடுவார்கள். எங்கள் இழைகளை ஆறு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குவதாகச் சொன்னார்கள். எங்களுக்கு அப்போது வேறு பெரிய வாய்ப்பு எதுவும் இல்லை. இது போனால் பதினோரு பேர் கொண்ட நிறுவனத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோமாஸ் ஒளிக்காமல் சொன்னார். மொழி தெரியும் என்பதால் என்னை அனுப்பினார். கோடை விடுமுறை என்பதால் பதின்மூன்று வயது மகள் யாழினியையும் அழைத்துப் போனேன். திருவொற்றியூரில் அக்கா வீட்டில் தங்கினோம்.

நான் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வாயிற்காவலர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டவர் என்றால் தனிப் படிவம். தங்கும் விலாசம், நிறுவனக் கடிதம், நான்கு புகைப்படம், இரண்டு மேலாளர் கையெழுத்து. அனுமதிச்சீட்டு ஒரு வாரம்தான் செல்லும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மறுபடி முதலிலிருந்து.

பிறந்த ஊர் என்ற இடத்தில் எர்ணாவூர் என்று எழுதினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எர்ணாவூரா? பஸ்ல ஏறுனா பத்து நிமிஷம். இந்தியன்னு போட்டுடுங்கம்மா, வேலை ஈஸியா முடியும்.”

அப்படிப் போடக் கூடாது, பொய்யாகிவிடும் என்றேன். அவருக்கு என்மேல் உண்மையாகவே வருத்தம். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, தேசம் என்ற கட்டத்தில் அவரே எழுதினார்: ‘ஃபாரின் (எர்ணாவூர்)’. ஆறு வாரமும் என் சீட்டில் அப்படித்தான் இருந்தது. கடைசிச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

3

முதல் நாள், பணியாளர்களைக் கூட்டி விளக்கச் சொன்னார்கள். “இங்கே ஏழு இடத்தில் சென்சார் வைக்கப் போகிறோம்” என்று ஆரம்பித்தேன். பின் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார். என் வயதுதான் இருக்கும், காக்கிச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி.

“சென்சார்னா சினிமாவுக்குத்தான மேடம்? இங்க இன்னாத்த கட் பண்ணப் போறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வாரமும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது ‘கண்ணாடி நூலு’ ஆகிவிட்டது.

கேள்வி கேட்டவர் அமுதா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். தகட்டுச் சுருளை முள்கரண்டியால் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே வளைந்து வளைந்து போவார். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, துடைப்பத்தில் ஆரம்பித்து, வண்டிக்கு வந்தவர். எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. எங்கள் பழைய தெருவின் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்தது. அன்று முதல் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுவதில் பாதி குறைந்தது.

யாழினிக்கு முதல் வாரம் போதாத காலம். ஹாம்பர்க்கில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அவள் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஆசிரியையும் அந்தப் பக்கம். அவள் படித்த தமிழில் ஹைட்ரஜன் ‘ஐதரசன்’. அக்கா வீட்டுத் தெருவில் யாரும் அவள் தமிழில் பேசவில்லை. வாசலில் காய்கறி விற்ற அம்மா ஏதோ கேட்க, இவள் என் பக்கம் திரும்பி, இது எந்த மொழி என்று ஜெர்மனில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து பேசிய மொழி அது. ஹாம்பர்க்கில் அவளிடம் ஒரு நாள்கூட நான் அதில் பேசியதில்லை, நல்ல தமிழ் வரவேண்டுமே என்று.

4

இழைகளைப் பொருத்தி முடித்த இரண்டாவது வாரத்தில் தகராறு ஆரம்பித்தது. ஏழில் ஐந்தாம் எண், ஹைட்ரஜன் சிலிண்டர் கொட்டகையின் கூரைக்குக் கீழே இருந்தது. தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் அதன் அளவு மெல்ல ஏறும். ஒன்றரைக்கு இறங்கிவிடும். எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை.

பாதுகாப்பு மேலாளர் மூன்று நாள் ஆளை ஏற்றி ஒவ்வொரு குழாய் மூட்டையும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. நான்காம் நாள், உங்கள் கருவி பொய் சொல்கிறது என்றார். ஹாம்பர்க்கிலிருந்து தோமாஸும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. மத்தியான வெயிலில் தகரக் கூரை காய்கிறது, சூட்டில் இழை நீள்கிறது, அதைத்தான் நீ ஹைட்ரஜன் என்று படிக்கிறாய். சூட்டைக் கழிப்பதற்கென்றே பூச்சு இல்லாத இன்னொரு இழை பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி தூக்கம் வராமல், திரும்பிப் போய் மற்ற பத்துப் பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவதால் பணியாளர்களுக்கு அது வேடிக்கை. அமுதா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா, உங்க நூலுக்குப் பசி வந்துச்சா?” என்று கேட்பார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அமுதா எங்கள் இருவரையும் வீட்டுக்கு நண்டுக் குழம்பு சாப்பிட அழைத்தார். மூன்றாம் மாடி, ஒற்றை அறை, ஜன்னல் வழியே எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது தெரிந்தது. யாழினிக்கு நண்டை உடைக்கத் தெரியவில்லை. அமுதா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் வண்டி ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் யாழினிக்கு வாய் திறந்தது. தன் படிப்புத் தமிழில், உங்கள் வாகனம் எதனால் ஓடுகிறது என்று கேட்டாள்.

“பேட்ரிம்மா. ரெண்டு வண்டி கீது. ஒண்ணு ஓடிக்கினு இருக்கும், ஒண்ணு சார்ஜ் ஏறிக்கினு இருக்கும். நைட்டு ஓடுனத காலைல ஆறு மணிக்குச் சொருவுவேன். பகல் சாப்பாட்டுக்கு ஃபுல்லாய்டும்.”

“இன்று யார் சொருகுவார்கள்?”

“இன்னிக்கு ஞாயித்துக்கெய்மை. அதுக்கும் லீவு.”

நான் நண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கைபேசியைத் துழாவினேன். இடது கையால் ஐந்தாம் எண்ணின் வரைபடத்தை எடுத்தேன். அன்றைய கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. போன ஞாயிறும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை வெயில் விடுமுறை எடுப்பதில்லை. குழாயில் ஹைட்ரஜனும் அன்று இருக்கத்தான் செய்கிறது. சார்ஜ் மட்டும்தான் இல்லை.

அந்த மாதிரிப் பெரிய பேட்டரிகள் நிறைந்து முடியும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியே வரும். சார்ஜ் அறைக்கும் சிலிண்டர் கொட்டகைக்கும் நடுவே ஒரே சுவர். அதில் மேலே கேபிள் போக ஒரு துளை. இதை அமுதாவிடம் சொன்னேன். அந்த அறையில் காற்று வெளியேற வழி இருக்குமே, அப்புறம் ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். அமுதா எழுந்து போய், மிச்சக் குழம்பை அக்காவுக்கென்று டப்பாவில் ஊற்ற ஆரம்பித்தார். களைப்பு, எங்களை அனுப்பப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளரைக் கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். காலையில் நீங்கள் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

5

காலையில் என்றால் திங்கட்கிழமை. சீட்டு புதுப்பிக்கும் நாள். கையெழுத்துப் போடவேண்டிய இரண்டாவது ஆள் துறைமுகத்துக்குப் போயிருந்தார். வாசலில் மூன்றரை மணி நேரம் நின்றேன். காவலர் நாற்காலி போட்டார், மோர் வாங்கிக் கொடுத்தார், உள்ளே மட்டும் விடவில்லை. உள்ளே போகும்போது பதினொன்றே முக்கால்.

அமுதா உள்வாசலிலேயே காத்திருந்தார். முகம் சரியாக இல்லை. நடந்துகொண்டே சொன்னார். சார்ஜ் அறையின் காற்றுத் துவாரத்தை அடைத்தது அவர்தான். அந்தத் துவாரம் பக்கத்தில் இருக்கும் பெண்களின் சாப்பாட்டு அறை ஜன்னலைப் பார்த்துத் திறந்திருந்தது. ஆசிட் காற்று நேராக உள்ளே வந்து கண்ணெல்லாம் எரியும். மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பொறுக்காமல் ஒரு ப்ளைவுட் பலகையை ஆணி வைத்து அடித்துவிட்டார். அதோடு எரிச்சல் நின்றது. இன்று காலை வந்ததும் அதைப் பிடுங்கப் போயிருக்கிறார். ஃபாரின் மேடம் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதே, வழக்கம்போல் சார்ஜ் போடு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

“ஆறு மணிலேந்து ஏறிக்கினு கீது. எனுக்குக் கையி காலு ஓடல.”

சாப்பாட்டு அறையில் பெண்கள் அப்போதுதான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். மூலையில் குழம்பு சுடவைக்க ஒரு மின்சார அடுப்பு. அமுதா உள்ளே போனார். கத்தவில்லை. அடுப்பைத் தொடாமல், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு வரவேண்டும் என்றார். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது பேரும் வெளியே வந்து மதிலோரம் நின்றார்கள்.

உபரியாக இருந்த ஓர் இழையை மூங்கில் கழியில் கட்டி, சார்ஜ் அறைக் கதவின் மேல் இடுக்கு வழியாக உச்சிக்கு நீட்டினேன். எண் ஏறியது. ஒன்று. ஒன்றரை. இரண்டைத் தாண்டியது. நான்கில் பற்றிக்கொள்ளும். இன்னும் பேட்டரி நிறையவில்லை.

அந்த நேரத்தில்தான் மேலாளர் எலக்ட்ரீஷியனோடு வேகமாக வந்தார். வந்ததும், உள்ளே ஃபேனைப் போடு என்றார். எலக்ட்ரீஷியன் சுவரிலிருந்த ஸ்விட்சுப் பலகைக்குக் கையை நீட்டினார். அது சாதாரண ஃபேன். ஸ்விட்சிலோ மோட்டாரிலோ ஒரு பொறி பறந்தால் போதும். பதறிப்போய்க் கத்தினேன். வாயில் வந்தது ஜெர்மன்.

“நைன்! நைன்!”

வேண்டாம் என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் திரும்பாமலே, “ஒன்பதாம் நம்பரா மேடம்?” என்று கேட்டு, விரலை வைத்துப் பலகையில் எண்ண ஆரம்பித்தார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இருபது வருடமாக நான் வெளியே எடுக்காத குரல் அது.

“யோவ், கைய எட்றா! எதியும் தொடாத, அப்டியே பின்னால வா!”

அவர் அப்படியே நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். மேலாளரும் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். பேட்டரியிலிருந்து கம்பியைப் பிடுங்கினாலும் பொறி பறக்கும் என்பதால், தள்ளி இருந்த கட்டடத்தில் மெயினை அணைக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் ஓடினார். கதவைத் திறந்துவைத்தோம். துவாரத்தை அடைத்த ப்ளைவுட் பலகையைச் சுத்தியல் போட்டுப் பிடுங்க முடியாது, இரும்போடு இரும்பு உரசும். அமுதா துணிக் கயிற்றைப் பலகையின் விளிம்பில் கோர்த்து, வெளியே நின்று, காலைச் சுவரில் உதைத்து இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பலகை அவர் மேலேயே வந்து விழுந்தது.

எண் இறங்கியது. பத்து நிமிடத்தில் பூஜ்யம். மதிலோரம் நின்ற பெண்களில் ஒருவர், இனிமேல் சாப்பிடலாமா என்று கேட்டார்.

6

அன்று மாலையே தோமாஸ் அறிக்கை கேட்டார். என்ன நடந்தது, காரணம் என்ன, யார் செய்தது. மேலாளருக்கும் அதே மூன்று கேள்விகள்தான். மூன்றாவதில் என் கை நின்றது. ஒப்பந்தத் தொழிலாளியை வேலையைவிட்டு எடுக்க ஒரு வரி போதும். ‘பணியாளர் ஒருவர் துவாரத்தை அடைத்திருந்தார்’ என்று பெயரில்லாமல் எழுதிவிடலாம் என்று முடிவுசெய்து, அமுதாவிடம் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

“பேர் போடாம எய்துனா, எவளோ ஒருத்தி அறிவில்லாம செஞ்சிட்டான்னு பூடும். எம் பேரப் போடு. அடச்சதையும் போடு. மூணு தபா போய்ச் சொன்னதையும் போடு. அப்போ அவுங்களும் பதில் சொல்லணும்ல?”

நான் அதுவரை அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் சொன்ன மூன்று புகாரையும் நானும் சேர்ந்து அழிக்கப் பார்த்திருக்கிறேன். அறிக்கையை மறுபடி எழுதினேன். அறையின் படம் வரைந்து, துவாரம் எந்த ஜன்னலைப் பார்க்கிறது என்று அம்புக்குறி போட்டேன். அவர் பெயரைப் போட்டேன். அவராக வந்து சொல்லாவிட்டால் அன்று மத்தியானம் நல்லபடியாகக் கழிந்திருக்காது என்றும் போட்டேன்.

புதன்கிழமை கூட்டத்தில் மேலாளர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். யாரிடம் சொன்னீர்கள் என்று அமுதாவைக் கேட்டார். அமுதா மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்த மனிதர் நேர்மையானவர்தான் போலும். தன்னிடம்தான் சொன்னார், தான்தான் மேலே சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார். யாரையும் அனுப்பவில்லை. துவாரத்துக்குக் கூரைக்கு மேல் போகும் குழாய் வைத்தார்கள். பொறி பறக்காத ஃபேன் வைத்தார்கள். எங்கள் இழைகளில் ஒன்றைச் சார்ஜ் அறையின் உச்சிக்கே மாற்றினோம். அதன் எண் காட்டும் பெட்டியைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டச் சொன்னது அமுதா.

கடைசி நாள் அந்த அறையில்தான் எனக்குச் சாப்பாடு. ஒன்பது டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி. நான் சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமுதா என் தட்டைத் தட்டினார். “அத நாங்க பாத்துக்கிறோம். நீ துன்னு.”

7

திரும்பி வந்த பிறகு சில நாள், யாழினி காலையில் எழுந்து, “இன்னாமா, டிஃபன் ரெடியா?” என்று கேட்டாள். தமிழ்ப் பள்ளி ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பிள்ளை ‘கீது, கீது’ என்று எழுதிக்கொண்டு வருகிறாள், அது என்ன சொல் என்று கவலையோடு விசாரித்தார். எங்கள் ஊர்ச் சொல் என்றேன். இப்போது வீட்டில் மூன்று தமிழும் ஜெர்மனும் ஓடுகின்றன. என் கணவருக்குத்தான் சில சமயம் மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது.

ஆர்டர் வந்தது. பதினோரு பேரும் அவரவர் நாற்காலியில்தான் இருக்கிறார்கள். ஆர்டரோடு ஒரு படிவமும் போகும். எச்சரிக்கை வந்தால் கருவி தானாக யார் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று வாங்குகிறவர்கள் நிரப்பித் தரவேண்டும். எல்லாத் தொழிற்சாலையிலும் முதல் வரியில் தலைமைப் பொறியாளர் இருப்பார். சாத்தாங்காட்டிலிருந்து வந்த படிவத்தைத் தோமாஸ் வாய்விட்டுப் படித்தார். முதல் வரி: அமுதா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். இரண்டாவது வரியில் பாதுகாப்பு மேலாளர்.

உன் அறிக்கையில் வந்தவர்தானே, பொறியாளர் இல்லையே என்று தோமாஸ் கேட்டார். இல்லை என்றேன். தவறுதலாக மாற்றி எழுதிவிட்டார்களா, கேட்டு உறுதி செய்யட்டுமா என்றார். தவறில்லை, அப்படியே பதிவு செய்யுங்கள் என்றேன். அவர் பதிவு செய்தார். பிறகு, எப்போதாவது கூப்பிட வேண்டிவந்தால் என்ன செய்வது, பெயரைச் சரியாகச் சொல்லிக்கொடு என்றார்.

“அமூட்டா” என்றார்.

இல்லை, ‘தா’. நாக்கு பல்லைத் தொட வேண்டும் என்றேன். அடுத்த மேஜையிலிருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். அன்று காலை அரை மணி நேரம் எங்கள் அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை.